தம்பி கையெழுத்துப் போட்டுவிட்டான், இனி என்ன?

கேள்வி: என் தம்பிக்கு 22 வயது. ஒரு ஹார்டுவேர் கடையில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறான். போன மாதம் முதலாளி வீட்டில் 11 பவுன் நகை காணாமல் போனது. விசாரணை என்று செவ்வாய்க்கிழமை சாயந்தரம் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனவர்கள் வெள்ளிக்கிழமை காலையில்தான் கைது என்று காட்டினார்கள். அத்தனை நாளும் அம்மா சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார், பார்க்க விடவில்லை. தான்தான் எடுத்தேன் என்று தம்பி கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறான். எங்கள் வீட்டு பீரோவிலிருந்த அம்மாவின் நான்கு பவுன் சங்கிலியை அவனையே எடுக்கச் சொல்லி, அதுதான் திருட்டு நகை என்று கொண்டுபோய்விட்டார்கள். இப்போது சப்-ஜெயிலில் இருக்கிறான். பார்க்கப் போனால் "நான் எடுக்கலக்கா" என்று அழுகிறான். சொந்தக்காரர்கள் எல்லாரும் "செய்யாதவன் எதுக்கு ஒத்துக்கிறான்?" என்று கேட்கிறார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கே சில நேரம் அப்படித் தோன்றுகிறது. நாங்கள் பார்த்த வக்கீல், கோர்ட்டிலும் ஒத்துக்கொண்டால் சீக்கிரம் முடித்துவிடலாம் என்கிறார். அந்தக் கையெழுத்தோடு எல்லாம் முடிந்ததா? (பெயர், ஊர் வேண்டாம்.)

அன்புள்ள சகோதரிக்கு,

முடியவில்லை. உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிட்டால் மற்றதை நீங்கள் கொஞ்சம் நிதானமாகப் படிப்பீர்கள். ஸ்டேஷனில் போட்ட கையெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு திருட்டு வழக்கில் யாரையும் தண்டிக்க முடியாது. போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலத்தை, சொன்னவருக்கு எதிராகக் கோர்ட்டில் சாட்சியமாக வைக்கக் கூடாது என்பது சட்டம். பழைய சாட்சியச் சட்டத்தில் 25ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 23ஆம் பிரிவு. நம்பர் மாறியிருக்கிறது, விஷயம் அதேதான்.

இந்தத் தடை நேற்று வந்ததில்லை. சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்கும் குற்றத்தை ஒத்துக்கொள்ள வைப்பதற்கும் ஆட்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்று புகார் மேல் புகார் போய், கிழக்கிந்தியக் கம்பெனி அரசாங்கமே ஒரு கமிஷன் போட்டு, 1855ல் அறிக்கை வந்தது. விரல்களைக் கட்டைகளுக்கு நடுவே வைத்து நெருக்கும் கிட்டி, ஆளைக் குனிய வைத்துக் கயிற்றால் அப்படியே கட்டிப்போடும் அண்ணாந்தாள், இன்னும் என்னென்னவோ அதில் பதிவாகியிருக்கிறது. 1861ல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இந்தத் தடையைச் சேர்த்தார்கள், 1872ல் அது சாட்சியச் சட்டத்துக்குப் போனது. ஆண்ட வெள்ளைக்காரனே தன்னுடைய போலீஸ் வாங்கிய வாக்குமூலத்தை நம்பவில்லை, உங்கள் சொந்தக்காரர்கள் நம்புகிறார்கள்.

அப்படியானால் எதற்கு மெனக்கெட்டுக் கையெழுத்து வாங்குகிறார்கள் என்று கேட்பீர்கள். அதே சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. காவலில் இருப்பவர் சொன்ன தகவலை வைத்து ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், கண்டுபிடிப்புக்கு நேரடியாகக் காரணமான அந்தத் துண்டு மட்டும் கோர்ட்டுக்குள் வரலாம். இதை வக்கீல்கள் இன்னமும் பழைய பழக்கத்தில் 27ஆம் பிரிவு என்றுதான் சொல்வோம். தம்பியின் வாக்குமூல நகல் கிடைத்ததும் பாருங்கள், "நான் மேற்படி விலாசத்தில் என் தாயாருடன் குடியிருந்து வருகிறேன்" என்று ஆரம்பித்து, இரண்டு மூன்று பக்கம் ஓடி, கடைசியில் "என்னை அழைத்துச் சென்றால் மறைத்து வைத்துள்ள நகையை எடுத்து ஆஜர் செய்கிறேன்" என்று முடிந்திருக்கும், கீழே இரண்டு சாட்சிகளின் கையெழுத்து இருக்கும், பெரும்பாலும் விஏஓவும் கிராம உதவியாளரும். மாநிலம் முழுக்க ஒரே வாசகம், யார் சொன்னாலும் ஸ்டேஷன் ரைட்டர் எழுதுகிற தமிழ் ஒன்றுதான். அதில் கடைசி வரி மட்டும்தான் அவர்களுக்குத் தேவை. அந்த வரியிலும் "நான் திருடிய" என்ற மாதிரி வார்த்தை இருந்தால் அது உள்ளே வராது, இன்ன இடத்தில் வைத்திருக்கிறேன் என்பது மட்டும்தான் வரும், 1946ல் அன்றைய உச்சபட்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் புளுக்குரி கோட்டையா வழக்கில் சொன்னது இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது.

ஆக, உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் அந்த நான்கு பவுன் சங்கிலியில். கையெழுத்தைப் பற்றிய கவலையை விட்டுவிட்டுச் சங்கிலியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கு என்ன செய்வது என்று கீழே சொல்கிறேன், அதற்கு முன்னால் "செய்யாதவன் எதுக்கு ஒத்துக்கிறான்?" என்ற கேள்வியைத் தாண்டிப் போக முடியாது, ஏனென்றால் அது உங்கள் மனசுக்குள்ளேயும் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஒரு ஜப்பான்காரரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் இவாவோ ஹகமடா, முன்னாள் குத்துச்சண்டை வீரர், ஷிசுவோகா மாகாணத்தில் மிசோ என்கிற சோயா விழுது தயாரிக்கும் கம்பெனியில் வேலை. உங்கள் தம்பி மாதிரியே இவர் மேலும் சந்தேகம் வந்தது முதலாளி வீட்டு விவகாரத்தில்தான். 1966 ஜூன் 30ஆம் தேதி அந்தக் கம்பெனி நிர்வாகியும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வீட்டில் குத்திக் கொல்லப்பட்டு, வீட்டுக்கும் தீ வைக்கப்பட்டிருந்தது. ஆகஸ்டில் ஹகமடாவைக் கைது செய்தார்கள். கிட்டத்தட்ட 20 நாள், நாளொன்றுக்குச் சராசரி 12 மணி நேரம் விசாரணை. செப்டம்பரில் ஒத்துக்கொண்டார். மொத்தம் 45 வாக்குமூலம் எழுதி வாங்கினார்கள், கோர்ட் அதில் 44ஐத் தூக்கிப் போட்டுவிட்டு ஒன்றே ஒன்றை ஏற்றுக்கொண்டது.

பைஜாமா போட்டுக்கொண்டு போய்க் கொலை செய்தேன் என்பது அவர் சொன்னதாக எழுதப்பட்ட கதை. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது, கொலை நடந்து 14 மாதம் கழித்து, தொழிற்சாலையின் மிசோ தொட்டிக்குள் ரத்தக் கறையோடு ஐந்து துணிகள் கிடைத்தன. பைஜாமா அதில் இல்லை. ஒத்துக்கொண்ட கதைக்கும் கிடைத்த பொருளுக்கும் சம்பந்தமே இல்லையே என்று அரசுத் தரப்பு தயங்கவில்லை, பைஜாமாவை விட்டுவிட்டு இந்தத் துணிதான் போட்டிருந்தார் என்று கதையை மாற்றிக்கொண்டது. 1968ல் தூக்குத் தண்டனை. மேல்முறையீட்டில் அந்தக் கால்சட்டையைப் போட்டுப் பார்க்கச் சொன்னால் இடுப்புக்கு ஏறவில்லை, மிசோவில் ஊறிச் சுருங்கிவிட்டது என்றார்கள். 2014ல்தான் மறுவிசாரணைக்கு உத்தரவாகி வெளியே வந்தார். ஒரு வருடத்துக்கு மேல் மிசோவில் ஊறிய ரத்தக் கறை எப்படி இன்னும் சிவப்பாக இருக்கும் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல், புலனாய்வு அதிகாரிகள் தயார் செய்து போட்ட துணிதான் அது, வாக்குமூலமும் மனிதத்தன்மையற்ற விசாரணையில் பிடுங்கியது என்று சொல்லி 2024 செப்டம்பர் 26 அன்று ஷிசுவோகா கோர்ட் அவரை விடுதலை செய்தது. அப்போது அவருக்கு 88 வயது. தண்டனை எழுதிய மூன்று நீதிபதிகளில் ஒருவரான குமமோட்டோ 2007லேயே, எனக்கு அப்போதே அவர் குற்றவாளி என்று தோன்றவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். சந்தேகம் இருந்த நீதிபதிதான் தூக்குத் தீர்ப்பை எழுதியும் கொடுத்தார், அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரும். அத்தனை வருடமும் அவருக்காக அலைந்தவர் அவருடைய அக்கா ஹிடெகோ.

குத்துச்சண்டை வளையத்தில் அடி வாங்கிப் பழகிய ஆளே 20 நாளில் ஒத்துக்கொண்டார். உங்கள் தம்பிக்கு 22 வயது, ஸ்டேஷன் வாசல் பார்க்காதவன். தூங்க விடாமல், ஒருவர் மாற்றி ஒருவர் வந்து ஒரே கேள்வியைக் கேட்கும்போது, அம்மாவையும் அக்காவையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று யாராவது சொல்லும்போது, அவனுக்கு வழக்கு, தண்டனை எதுவும் கண்ணில் தெரியாது, இந்த அறையை விட்டு வெளியே போனால் போதும் என்றுதான் இருக்கும். இதில் இன்னொன்றும் உண்டு, தப்பு செய்யாதவன்தான் சில நேரம் சீக்கிரமாகக் கையெழுத்துப் போடுகிறான், எடுக்காத நகையை எடுத்ததாக எப்படி நிரூபிப்பார்கள், கோர்ட்டில் எல்லாம் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையில். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் 1989ல் ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண் தாக்கப்பட்ட வழக்கில் 14 முதல் 16 வயதுப் பையன்கள் ஐந்து பேர் இப்படித்தான் சிக்கினார்கள், ஒவ்வொருவனும் தான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, மற்றவன்தான் செய்தான் என்று சொன்னால் சாட்சியாக வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தான், நான்கு பேரின் வாக்குமூலம் வீடியோவிலேயே இருந்தது, இடம், ஆயுதம் என்று ஒருவன் சொன்னது இன்னொருவனுடையதோடு ஒத்துப்போகவில்லை, டிஎன்ஏ ஒருவனுக்கும் பொருந்தவில்லை, ஆனாலும் தண்டித்தார்கள். 2002ல் வேறொரு கைதி தான்தான் செய்தேன் என்று சொல்லி, அவன் டிஎன்ஏ பொருந்திய பிறகு தீர்ப்பை ரத்து செய்தார்கள். 2014ல் நியூயார்க் நகரம் 4.1 கோடி டாலர் கொடுத்தது.

அதனால் "ஏன் ஒத்துக்கொண்டான்" என்று தலையை உடைத்துக்கொள்ளாதீர்கள், அவனிடமும் ஜெயில் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்காதீர்கள். ஒத்துக்கொண்டதாக எழுதியிருப்பதில் என்ன இருக்கிறது, அது வெளியே இருக்கும் பொருளோடும் நேரத்தோடும் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஒரு கடிதத்தை வைத்து உங்கள் தம்பி நிரபராதி என்று நான் சொல்லிவிட முடியாது, எனக்குத் தெரியாது. ஆனால் பீரோவில் இருந்தது அம்மாவின் சங்கிலிதான் என்றால் அதை நிரூபிக்க முடியும், நிரூபித்தால் வாக்குமூலத்தின் கடைசி வரி பொய்யாகிவிடும்.

அந்தச் சங்கிலியை எப்போதாவது அடகு வைத்திருக்கிறீர்களா? நம் வீடுகளில் அடகுக்குப் போகாத சங்கிலி அபூர்வம். கூட்டுறவு வங்கியோ வேறு வங்கியோ, நகைக் கடன் கொடுக்கும்போது மதிப்பீட்டாளர் எடை போட்டு, மொத்த எடை எத்தனை கிராம், நிகர எடை எத்தனை, என்ன மாடல், டாலர் இருக்கிறதா, எங்காவது பற்ற வைத்திருக்கிறதா என்று எழுதியிருப்பார். திருட்டு நடந்த தேதிக்கு முந்தைய ரசீது ஒன்று கிடைத்தால் அதை விடப் பெரிய சாட்சி உங்களுக்கு வேண்டாம். நீங்கள் ரசீதைத் தொலைத்திருந்தாலும் வங்கியின் கடன் பதிவேட்டில் இருக்கும், எழுதிக் கேளுங்கள். அப்புறம் நகைக்கடை பில், ஹால்மார்க் நம்பர் இருந்தால் அது, கல்யாணம் காதுகுத்து என்று அம்மா அதைப் போட்டுக்கொண்டு நிற்கும் பழைய போட்டோக்கள், போட்டோவை எடுத்த செல்போனிலேயே தேதியோடு இருந்தால் அதை அழிக்காமல் வையுங்கள். இதற்குப் பக்கத்தில் எஃப்.ஐ.ஆரை வைத்துப் படியுங்கள், முதலாளி காணாமல் போனதாகச் சொன்ன நகைகளில் நான்கு பவுன் சங்கிலி ஒன்று இருக்கிறதா, எந்த மாடல் என்று சொன்னார் என்று.

இன்னொரு முக்கியமான விஷயம், பல வக்கீல்களே இதைக் கேட்டு வாங்குவதில்லை. புதிய நடைமுறைச் சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்.) 105ஆம் பிரிவுப்படி சோதனை, கைப்பற்றுதல், பட்டியல் தயாரித்து சாட்சிகள் கையெழுத்துப் போடுவது வரை எல்லாவற்றையும் வீடியோ எடுக்க வேண்டும், செல்போனில் எடுத்தாலும் சரி, எடுத்து தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். உங்கள் வீட்டு பீரோவைத் திறந்தபோது யாராவது செல்போனில் எடுத்தார்களா? எடுத்திருந்தால் "இது என் சங்கிலிங்க" என்று அம்மா சொன்னதும் அதில் இருக்கும். எடுக்கவில்லை என்றால் ஏன் எடுக்கவில்லை என்று அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். முதலாளி அந்தச் சங்கிலியை இடைக்காலமாகத் தன்னிடம் ஒப்படைக்கக் கேட்டு மனு போடுவார், பெரும்பாலும் போட்டுவிடுவார்கள். அது அவர் கைக்குப் போய் உருக்கப்பட்டுவிட்டால் உங்களிடம் காட்ட ஒன்றும் இருக்காது. அதனால் அம்மா பெயரில் உடனே ஒரு மனு, சங்கிலி என்னுடையது, கோர்ட் முன்னிலையில் எடை போட்டுப் போட்டோ எடுக்க வேண்டும், என்னைக் கேட்காமல் யாரிடமும் கொடுக்கக் கூடாது என்று.

இதே மாதிரி பொருளை வைத்து வாக்குமூலத்தை உடைத்ததற்கு நம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது. குஜராத் அக்ஷர்தாம் கோயில் தாக்குதல் வழக்கில் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வாங்கிய வாக்குமூலங்களை வைத்து ஆறு பேரைத் தண்டித்தார்கள், அதில் மூன்று பேருக்குத் தூக்கு. தூக்குத் தண்டனை பெற்றவர்களில் ஒருவர் எழுதியதாகச் சொன்ன கடிதங்கள், சுட்டுக் கொல்லப்பட்ட தீவிரவாதிகளின் கால்சட்டைப் பையிலிருந்து எடுத்தவை என்றார்கள். உடம்பெல்லாம் குண்டும் ரத்தமுமாகக் கிடந்தவர்களின் பையில் இருந்த காகிதத்தில் ஒரு ஓட்டை இல்லை, ஒரு கறை இல்லை. 2014 மே 16, நாடு முழுக்கத் தேர்தல் முடிவு பார்த்துக்கொண்டிருந்த அன்றைக்கு ஆறு பேரையும் விடுவித்தார்கள்.

இப்போது இல்லாத பொடா, தடா சட்டங்களில் போலீஸ் உயர் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சியமாகிவிடும், திட்டமிட்ட குற்றக் கும்பல்களுக்கு எதிரான மகாராஷ்டிராவின் மோக்கா சட்டத்தில் இன்றும் அப்படித்தான், நல்லவேளை உங்கள் வழக்கு அந்த ரகம் இல்லை. 2006 மும்பை ரயில் குண்டுவெடிப்பில் 12 பேரைத் தண்டித்தது அப்படித்தான், 2025 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் அத்தனை பேரையும் விடுவித்தபோது, வெவ்வேறு ஆட்களின் வாக்குமூலங்களில் ஒரே பகுதிகள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று சுட்டிக்காட்டியது. அரசின் மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது, தீர்ப்பை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்று தடையும் இருக்கிறது, ஆனால் அவர்களைத் திரும்ப ஜெயிலுக்கு அனுப்பவில்லை.

சரி, செவ்வாய் முதல் வெள்ளி வரை. கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும், அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. வெள்ளிக்கிழமைதான் கைது செய்தோம் என்று காகிதத்தில் காட்டிவிட்டால் அந்தச் சிக்கல் அவர்களுக்கு இல்லை. செவ்வாய்க்கிழமையே அவன் உள்ளே இருந்தான் என்று காட்ட வேண்டியது நீங்கள். அம்மா சாப்பாடு வீட்டிலிருந்து கொண்டுபோனாரா, ஸ்டேஷனுக்கு எதிரில் ஹோட்டலில் வாங்கினாரா? வாங்கியிருந்து ஜிபேயில் பணம் கொடுத்திருந்தால் தேதி, நேரத்தோடு அந்த ரசீது செல்போனில் இருக்கும், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அந்த நாட்களில் ஸ்டேஷனுக்கோ ஏட்டுக்கோ நீங்கள் பேசிய அழைப்புகள், தம்பியின் செல்போன் எப்போது அணைந்தது, எல்லாம் வேண்டும். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் சிசிடிவி வைத்து, 18 மாதம், அது முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருடப் பதிவைப் பாதுகாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. அந்த நாட்களின் பதிவை அழிக்காமல் வைக்க உத்தரவிடக் கேட்டு இந்த வாரமே மனு போடச் சொல்லுங்கள், இரண்டு மாதம் கழித்துக் கேட்டால் கேமரா ரிப்பேர் என்று வரும்.

அடித்தார்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அவனிடம் கேளுங்கள், தனியாக, மெதுவாக. ஸ்டேஷன் பாத்ரூமில் வழுக்கி விழுந்த கதை நமக்கெல்லாம் தெரியும், காயம் வெளியே தெரியாமல் அடிக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். சிறையில் சேர்க்கும்போது உடம்பில் இருந்த காயங்களை எழுதியிருப்பார்கள், ரிமாண்டுக்கு முன் ஜிஹெச் டாக்டர் கொடுத்த சான்றும் இருக்கும், இரண்டின் நகலையும் வக்கீல் கேட்டு வாங்கட்டும். அடுத்த முறை காவலை நீட்டிக்க மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தும்போது, வீடியோவில் என்றாலும் சரி, "ஐயா, என்னை அடிச்சாங்க, டாக்டர்கிட்ட காட்டணும்" என்று அவன் வாய் திறந்து சொல்ல வேண்டும், பயமாக இருந்தால் வக்கீல் எழுத்தில் கொடுக்கட்டும். வாக்குமூலம் வாங்குவதற்காக அடித்தால் ஏழு வருடம் வரை ஜெயில், கொடுங்காயம் என்றால் பத்து, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 120ஆம் பிரிவு. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கோயில் காவலாளி ஒருவர் நகை காணோம் என்ற புகாரில் விசாரணைக்குக் கூட்டிப்போகப்பட்டு செத்தே போனார், போலீஸ்காரர்கள் கைதாகி வழக்கு சிபிஐக்குப் போனது. அதற்குப் பிறகு நகைப் புகார் விசாரணை என்றால் மாஜிஸ்திரேட்டுகள் கொஞ்சம் கவனித்துத்தான் கேட்கிறார்கள்.

கடைசியாக உங்கள் வக்கீல் சொன்ன யோசனை. வேண்டவே வேண்டாம். ஸ்டேஷனில் ஒத்துக்கொண்டது கோர்ட்டில் நிற்காது, கோர்ட்டில் ஒத்துக்கொண்டால் அதுவே தண்டனை. சீக்கிரம் முடியும் என்பது உண்மைதான், முடிந்த பிறகு அவன் தண்டனை பெற்ற திருடன், அந்தப் பக்கம் எந்த வீட்டில் பூட்டு உடைந்தாலும் முதலில் அவனைத் தேடித்தான் வருவார்கள், அரசு வேலை, பாஸ்போர்ட் எதற்குப் போனாலும் இது முன்னால் வந்து நிற்கும். 22 வயதில் இதை வாங்கிக் கொடுக்காதீர்கள். மாஜிஸ்திரேட்டிடம் தனியாக வாக்குமூலம் கொடுக்க வைக்கிறோம் என்று யாராவது சொன்னாலும் அவன் மறுக்கலாம், கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று மாஜிஸ்திரேட்டே அவனிடம் சொல்லியாக வேண்டும், மறுத்ததற்காகத் திரும்பப் போலீஸ் காவலுக்கு அனுப்பக் கூடாது என்றும் சட்டத்தில் இருக்கிறது.

ஜாமீன் மனுவைப் போடுங்கள். முதல் தடவை தள்ளுபடியானால் மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது, உயர் நீதிமன்றம் இருக்கிறது. ஏழு வருடம் வரை தண்டனை உள்ள இந்த மாதிரி வழக்கில் 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் அவன் உரிமை, ஆனால் 61ஆவது நாள் காலையிலேயே மனு கோர்ட்டில் இருக்க வேண்டும், அசந்தால் அன்று மதியம் குற்றப்பத்திரிகை வந்துவிடும். இந்த வக்கீலோடு ஒத்துவரவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். பணம்தான் பிரச்சினை என்றால், காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு உங்கள் மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே இருக்கும், 15100க்கும் பேசலாம்.

நகையைத் திருப்பிக் கொடுத்தால் கேஸை முடித்துத் தருகிறேன் என்று இடையில் யார் வந்தாலும் பேச்சுக் கொடுக்காதீர்கள், மீதி ஏழு பவுனுக்கு உங்கள் வீட்டில் வேறு என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் வருவார்கள். எஃப்.ஐ.ஆர், கைப்பற்றுதல் மகஜர், வாக்குமூலம் மூன்றின் நகலும் கையில் கிடைத்ததும் பெயர்களை மறைத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். அடகு ரசீது கிடைத்ததா என்பதையும் எழுதுங்கள், மற்றதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.